இருக்கைக்கு அடியில் இருந்தது

படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பம்ப்பைப் பற்றித் தெரியும். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்ன பம்ப் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவன் நான். எண்ணூறு அடி ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். தண்ணீரின் மேல் நாலு பேரை உட்கார வைத்து அக்கரைக்கு அனுப்புவது முற்றிலும் வேறு வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்கிருந்த திமிர் அப்படி.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. என் தம்பி எங்கள் கம்பெனியிலேயே பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டிக்கொண்டிருந்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை நான்தான் கூட்டிவந்து சேர்த்துவிட்டேன். ஒருநாள் காலை என்னிடம் வந்து, "அண்ணா, பிரஸ்ஸு ஒருக்கா மிதிச்சா ரெண்டு தடவ உளுகுதுங்ணா, ஒருக்கா பாருங்க" என்றான். அன்றைக்கு மதியம் லோடு போக வேண்டும். "சாயங்காலம் கழட்டிப் பாக்கலாம், இப்ப ஓட்டுடா" என்று சொல்லிவிட்டு நான் லேத் பக்கம் போய்விட்டேன். டீ வருவதற்குள் அவன் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம்.

அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி எப்படியாவது ஆறியிருப்பேன். அவன் ஒரு துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போட்டுக்கொண்டான். சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் கோயிலில் கும்பிடும்போதும் அந்தத் துண்டு அப்படியே இருந்தது. பேசிவைத்திருந்த பெண்வீட்டார் நாள் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். கம்பெனியில் அவனை வாட்ச்மேனாக வாசல் கேட்டில் உட்காரவைத்தார்கள். உள்ளே போகிற வண்டிகளுக்கு அவன் இடது கையால் சலாம் வைப்பதை, நாள் முழுக்க, நான் என் மேஜையிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தப் படகு கண்ணில் பட்டது. கம்பெனிக்கு உருக்குவதற்குப் பழைய அலுமினியம் பார்க்க மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு காயலான் கடைக்குப் போயிருந்தேன். டேக்சா, பாத்திரம், ஜன்னல் சட்டம் என்று குவிந்து கிடந்த குப்பைக்கு நடுவில் கவிழ்ந்து கிடந்தது. பன்னிரண்டு அடி நீளம். குறுக்கே பெட்டி மாதிரி மூன்று இருக்கைகள், எல்லாம் தகட்டில் மடித்து ரிவெட் அடித்தது. மலைமேல் ஏதோ எஸ்டேட் ஏரியில் மீன்பிடிக்க வைத்திருந்ததாம். நாளைக்கு வெட்டி உருக்கப்போவதாகக் கடைக்காரர் சொன்னார். நான் அதைத் தட்டிப் பார்த்தேன். தகடு நல்ல தகடு. ஓட்டை இல்லை. என் மனதில் அந்த நொடியே எல்லாம் ஓடி முடிந்துவிட்டது.

என் மனைவி பிறந்த ஊர் சிறுமுகைக்கு அப்பால் இருக்கிறது. பவானிசாகர் அணை நிரம்பினால் பின்தண்ணீர் ஏறி வந்து அந்த ஊருக்குப் போகும் தரைப்பாலம் முழுகிவிடும். வருடத்தில் நாலைந்து மாதம் பரிசலில்தான் போக்குவரத்து. பரிசல்காரர் வயதானவர், ஒரே ஆள், பால் கேனோடு நிற்கிற பெண்கள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அங்கே என் தம்பி ஒரு படகு ஓட்டினால் என்ன? துடுப்பு போட விரல்களைவிடத் தோள்தான் முக்கியம். கைப்பிடியில் ஒரு வளையம் வைத்துக் கொடுத்தால் அந்தக் கை அதில் நுழைந்து பிடித்துக்கொள்ளும். கேட்டில் சலாம் போடுகிறவன் ஒரு ஊரையே அக்கரை சேர்ப்பவன் ஆவான். துண்டை எடுத்து வீசிவிடுவான்.

இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள், "ஏனுங்க, அவிய சம்மதிக்கோணுமல்லங்க?" என்று கேட்டாள். தம்பியிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அவன் சம்மதித்தான். சந்தோஷமாகவே சம்மதித்தான். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் படகை இறக்கிவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்த்தோம். அந்த இரண்டு மாதங்கள் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த காலம் என்று சொல்லலாம். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. கெட்டது நடந்த நாளை நினைத்தால் கூட அவ்வளவு இல்லை.

முதலில் தரை. படகின் அடித்தகடு வளைவாக இருந்தது. புடவை கட்டியவர்கள் நிற்க முடியாது. இரும்பு ஆங்கிள் வைத்துச் சட்டம் அடித்து, மேலே பிளைவுட் பரப்பி, அதற்கு மேல் பஸ் படிக்கட்டில் போடுவார்களே, அந்தக் கோடு போட்ட அலுமினியத் தகட்டை வழுக்காமல் இருக்கப் போட்டேன். ஓரம் முழுக்க ரிவெட். ஒரு சிட்டிகை மண் கூட அடியில் போகாது என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அடுத்து உட்காரும் இடம். உடைத்துப் போட்ட ஒரு டவுன் பஸ்ஸிலிருந்து மெத்தை சீட்டுகளையும் சாய்ந்துகொள்ளும் இரும்புக் குழாய்களையும் வாங்கிவந்து பொருத்தினோம். பச்சை ரெக்ஸின். தம்பி இடது கையாலேயே ஸ்பானர் பிடித்து எல்லா போல்ட்டையும் முடுக்கினான். "அண்ணா, கண்டக்டர் மட்டும் வெச்சா டிக்கெட்டே கிழிக்கலாமுங்க" என்றான்.

கடைசியாகச் சாமான் வைக்கும் இடம். பால் கேன், கருவேப்பிலைக் கட்டு, ரேஷன் அரிசி, வாழைத்தார் எல்லாம் எங்கே வைப்பது? மெத்தைக்கு அடியில் இருந்த பழைய தகட்டு இருக்கைகள் மூன்றும் உள்ளே வெற்றிடமாகத்தானே இருக்கும் என்று ஒன்றின் மேல்தகட்டை அறுத்துத் திறந்தேன். உள்ளே முழுக்க தெர்மாகோல். படகின் வளைவுக்கு ஏற்ற மாதிரி ஓரத்தில் வளைத்து வெட்டி, இடைவெளியே இல்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள்.

பம்ப் கம்பெனியில் தெர்மாகோல் என்றால் ஒரே அர்த்தம்தான். மோட்டார் பெட்டிக்குள் ஆடாமல் இருக்க வைப்பது; பெட்டியைத் திறந்ததும் தூக்கிப் போடுவது. எங்கள் கம்பெனி வாசலில் காற்றடித்தால் அது பறந்துபோய்ப் பக்கத்துக் காட்டில் விழும், தோட்டக்காரர் சண்டைக்கு வருவார். படகைச் செய்தவன் தகடு நசுங்காமல் இருக்க வைத்த பேக்கிங் இது, எடுக்க மறந்துவிட்டான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். மேல்தகட்டின் உட்புறத்தில் ஆங்கிலத்தில் ஏதோ நாலு வரி அடித்த சின்னப் பித்தளைத் தகடு ஒன்றும் ரிவெட் செய்திருந்தது. கீல் பொருத்த இடைஞ்சலாக இருக்கவே அதை நெம்பி எடுத்து டூல் பெட்டியில் போட்டேன். ஆங்கிலம் எனக்குத் தட்டுத்தடுமாறி வாசிக்க வரும். வாசிக்கவில்லை.

தம்பி அந்தத் தெர்மாகோலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எடுக்கோணுங்களாண்ணா? இத்தன பாடுபட்டு வளச்சு வளச்சு வெட்டி வெச்சிருக்கறான். எதுக்கோதான வெச்சிருப்பானுங்க."

"நீ ஃபோர்மேனா, நான் ஃபோர்மேனாடா?" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவனும் சிரித்தான். மூன்று இருக்கைகளையும் காலி செய்து, மெத்தையோடு தூக்கித் திறக்கிற மாதிரி மூடி போட்டு, கொண்டி வைத்தோம். அருமையான மூன்று பெட்டிகள். தெர்மாகோலைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரையில் உள்ளே இருக்க முடியாது. படுக்கிற அறையில் ஷீட்டுக்கு அடியில் கம்பி கட்டி அந்தத் துண்டுகளைச் செருகிவிட்டேன். அறைக்குள் வெக்கை பாதி குறைந்துபோனது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டேன் என்று மனைவியிடம் பெருமை பேசினேன்.

ஆவணியில் தண்ணீர் ஏறியதும் படகை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினோம். மாமனார் ஊரே கரைக்கு வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, மாமனார் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். பச்சை ரெக்ஸினைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். மூடியைத் திறந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை கைவேலைன்னா கைவேலைதானுங்க" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் மாமனார் ஊரில் இப்படி ஒரு பேச்சு வாங்கிவிட்டால் அந்த மனிதன் தரையில் நடக்க மாட்டான். நானும் நடக்கவில்லை. பரிசல்காரர் மட்டும் கிட்டே வராமல் கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். பிழைப்பில் பங்கு போகிறதே என்ற எரிச்சல் என்று நினைத்தேன்.

தம்பி அங்கேயே தங்கினான். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. நான் ஒருமுறை போனபோது அவன் துண்டு தோளில் கிடந்தது. வளையத்துக்குள் அந்தக் கையை நுழைத்து, தோளை முன்னால் கொடுத்து இழுத்துக்கொண்டே, ஏறியிருந்த பெண்களிடம் ஏதோ கிண்டல் பேசிக்கொண்டு வந்தான். நான் கரையில் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மனைவியைக் கூட்டிவர நான் இக்கரையில் நின்றிருந்தேன். அவள் அடுத்த நடையில் வருவதாக இருந்தது. அக்கரையிலிருந்து புறப்பட்ட படகில் காலி கேன்களோடு ஒரு பால்கார அம்மா, ஒரு கணவன் மனைவி, இரண்டு ஆடுகளோடு ஒருவர். ஆடு மிரளாமல் இருக்க இரும்புக் குழாயில் கட்டியிருந்தார்கள். பாதி தூரம் வந்தபோது மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. அந்த இடத்தில் காற்று சொல்லிக்கொண்டு வராது. அலை பக்கவாட்டில் ஏறி உள்ளே விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது அலை, மூன்றாவது அலை. தண்ணீர் என் அருமையான தரைக்கு அடியில் போய்த் தேங்கியது. மொண்டு ஊற்ற வழியில்லை. பெட்டிகளுக்குள் போனது. அதற்குப் பிறகு படகு தடுமாறவில்லை, கவிழவில்லை. நேராகக் கீழே போனது. அண்டாவை அமுக்கினால் போகுமே, அப்படி.

கத்தினேன். நீந்தத் தெரியாது எனக்கு. கத்த மட்டுமே முடிந்தது.

பரிசல்காரர் அந்தக் காற்றிலும் பரிசலைச் சுழற்றிக்கொண்டு போனார். கணவனும் மனைவியும் காலி பால் கேன்களைக் கட்டிப்பிடித்து மிதந்தார்கள். ஆட்டுக்காரர் நீந்தினார். ஆடுகள் படகோடு போய்விட்டன. பால்கார அம்மா கேனைத் தவறவிட்டு முழுகப் போனபோது என் தம்பி அவர் கொண்டையில் கைவிட்டுப் பிடித்திருக்கிறான். பரிசல் வந்து சேரும்வரை விடவில்லை. பரிசலில் ஏற்றும்போதும் கொண்டை அவன் கையில் சிக்கியிருந்ததாம். வலது கையில், அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில்.

ஒரு உயிரும் போகவில்லை என்று எல்லாரும் சாமியைக் கும்பிட்டார்கள். ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்த தம்பி என்னைப் பார்த்து, "எப்பிடிங்ணா அப்பிடியே உள்ள போச்சு? நான் என்னுங்ணா தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டான். "காத்துடா. காத்துக்கு யாரு என்ன பண்ண முடியும்?" என்றேன். அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது. இந்த ஒரு வரியை எழுதுவதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல் இருக்கிறது. அது மூன்று நாள் ஆறுதல்.

மூன்றாம் நாள் ஒரு ட்ரில் பிட் தேடி டூல் பெட்டியைக் கவிழ்த்தபோது அந்தப் பித்தளைத் தகடு தரையில் விழுந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். இருக்கைகளுக்கு உள்ளே மிதவை நிரப்பியிருக்கிறது, அதை எடுக்கவோ வெட்டவோ கூடாது, படகில் தண்ணீர் நிரம்பினாலும் அது படகை மேலே வைத்திருக்கும் என்று போட்டிருந்தது. நாலே வரி. தெர்மாகோல் பேக்கிங் அல்ல. அதுதான் படகு. மற்றதெல்லாம் வெறும் தகடு.

அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். மூன்று இருக்கைகளும் என் கட்டிலுக்கு மேலே இருந்தன.

அடுத்த ஞாயிறு மாமனார் ஊரில் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். என்னையும் வரச்சொன்னார்கள். தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள். தம்பி ஒரு ஓரமாக நின்றான். கையின் மேல் துண்டு திரும்பவும் வந்திருந்தது.

கைவேலையை மெச்சிய அதே பெரியவர்தான் பேசினார். "மாப்பிள்ளை செஞ்ச படகுல ஒரு கொறையுமில்லீங்க. அத நாங்க அத்தன பேரும் பாத்தமுங்க. புடிச்ச கைதான் செரியில்லீங்க. விரலில்லாதவன நம்பி உசுரக் குடுத்தது எங்க தப்புங்க."

பால்கார அம்மா பின்னாலிருந்து, "அந்தக் கைதானுங்க என்னையப் புடிச்சுது" என்றார். "நீ சித்த சும்மா இரு அம்மணி" என்று அடக்கிவிட்டார்கள்.

இனி அவன் துடுப்பைத் தொடக் கூடாது என்றார்கள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தம்பியும் பார்த்தான். தனக்காக அண்ணன் ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தகடு என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. எழுந்து நின்று நாலு வரியை வாசித்தால் போதும். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், என் மனைவி பெண்கள் பக்கம் நின்றிருந்தாள், அந்த ஊரில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"செரிங்க" என்றேன்.

அவ்வளவுதான். நான் செய்த கொலை அதுதான். விரல் போனது கூட மெஷின் செய்தது என்று யாராவது வாதாடலாம். இதற்கு வாதமே இல்லை.

தம்பி என் வீட்டுக்கு வரவில்லை. சொந்த ஊருக்குப் போய் அம்மாவோடு இருந்துகொண்டான். படகு ஓட்டி ஆளை மூழ்கடித்தவன் என்ற பேச்சு அவனுக்கு முன்னாலேயே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது. கம்பெனி கேட்டுக்குத் திரும்ப வரச்சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டான். மாசியில் அணை வற்றியபோது படகு சேற்றில் மல்லாந்து தெரிந்ததாம். பச்சை ரெக்ஸின் எல்லாம் கிழிந்துவிட்டது என்று மனைவி வந்து சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. யாரோ வெட்டிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். போக வேண்டிய இடத்துக்கு ஒன்பது மாதம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

சித்திரையில் அம்மா ஏதோ கொடுத்தனுப்பினார் என்று தம்பி வந்தான். நல்ல மதியம். கரண்ட் இல்லை. சாப்பிட்டுவிட்டு, "ஒரு அரமணி நேரம் படுத்துட்டுப் போறனுங்ணா" என்று அறைக்குள் போனான். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. வாசலில் போய் உட்கார்ந்தேன். பிறகு இருக்க முடியாமல் உள்ளே போனேன்.

மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த அற மட்டும் குளுகுளுன்னு இருக்குதேன்னு பாத்தனுங்ணா" என்றான். அந்த வளைவுகள் அவனுக்குத் தெரியாதவை அல்ல. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன். "இது இருந்திருந்தா முழுகியிருக்காதுங்களா?"

"முழுகியிருக்காது."

"எப்பங்ணா தெரிஞ்சுது?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. "கூட்டத்துக்கு முன்னாலயே."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்க வேண்டும். அவன் எழுந்து உட்கார்ந்தான். பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து உதறி வலது கையின் மேல் போட்டுக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊர்ல சொல்லிப்போடாதீங்ணா. அண்ணி பொறந்த ஊரு. உங்களுக்கு அங்க ஒரு மருவாதி இருக்குது. எனக்குத்தான் போயிருச்சு, உங்களுக்குமா போகோணும்?"

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். பிறகு சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பிரஸ் இரண்டு தடவை விழுகிறது என்று சொன்னான், நான் கேட்கவில்லை. எதுக்கோ வைத்திருப்பான் என்று சொன்னான், கேட்கவில்லை. ஊரில் சொல்லாதீர்கள் என்று சொன்னான். அதை மட்டும் கேட்டேன். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.